கடல் கடந்து ஒப்பிடுவார் இலக்கணம்

பாயிரம்

இந்நூல் என் நுதலிற்றோ எனின், சோமனூர் வட்டாரத்தில் பிறந்து, அயல்நாடு போய் ஒப்பிலக்கியத்தில் முதுகலை படிப்போர், படிக்க நினைப்போர், படித்து வந்து ஊருக்குப் பதில் சொல்ல மாட்டாமல் திரிவோர் ஆகிய மூவகையாரது இலக்கணம் உணர்த்துதல் நுதலிற்று.

பாயிரத்துக்கு உறுப்பு எட்டு என்பர் முன்னோர். ஆக்கியோன் பெயர் சொல்லத் தேவையில்லை. கடன் கொடுத்தவர்களுக்குத் தெரியும். வழி, தொல்காப்பியரும் பவணந்தியும் போட்ட வழி. மேடுபள்ளம் ஆக்கியது மட்டும் நம் கைங்கரியம். எல்லை, வடக்கே கருமத்தம்பட்டி நால்ரோடு, தெற்கே நொய்யல், கிழக்கே சாமளாபுரம், மேற்கே அரசூர். யாப்பு, உரைநடை. நூற்பெயரும் நுதலிய பொருளும் மேலே இருக்கின்றன. கேட்போர், கரண்டு போனதால் தறிக்குடோனை விட்டு வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்போர். கரண்டு இருக்கும்போது சோமனூரில் யாரும் எதையும் கேட்க இயலாது. பக்கத்து ஆள் பேசுவதையே வாயசைவு பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். பயன், படித்தவருக்குத் தெரியும்.

அப்படிப் போனவர் சோமனூரில் எத்தனை பேர், இல்லாத பொருளுக்கு இலக்கணம் எதற்கு என்று ஒரு தடை எழும். முயற்கொம்பையும் ஆகாயத் தாமரையையும் வைத்துக்கொண்டு தருக்க நூலார் பல நூற்றாண்டு பிழைத்தார்கள். நாம் ஒரு கட்டுரை பிழைக்கக் கூடாதா என்பது விடை.

பெயரியல்

ஒப்பிலக்கியமாவது, ஒரு மொழியில் எழுதியதை இன்னொரு மொழியில் எழுதியதற்குப் பக்கத்தில் வைத்துப் படிப்பது. இதற்கு மேல் சொல்லப்படும் விளக்கமெல்லாம் துறைத்தலைவர் பதவிக்குத் தேவைப்படுவது.

1827-இல் ஜெர்மன் கவிஞர் கெத்தே ஒரு சீன நாவலைப் படித்துவிட்டு, இனி தேசிய இலக்கியம் என்பதற்குப் பெரிய பொருளில்லை, உலக இலக்கியத்தின் காலம் வருகிறது என்று தம் உதவியாளர் எக்கர்மானிடம் சொன்னார். 1877-இல் ட்ரான்சில்வேனியாவின் கொலோஷ்வார் நகரத்தில் ஹ்யூகோ மெல்ட்சல் ஒப்பிலக்கியத்துக்கென்று ஓர் இதழ் தொடங்கி, அதைப் பத்து மொழிகளில் நடத்துவேன் என்று கங்கணம் கட்டினார். 1886-இல் ஆங்கிலத்தில் இந்தப் பெயரிலேயே நூல் எழுதிய போஸ்னெட், நியூசிலாந்தில் ஆக்லாந்துக்குப் போய்ப் பேராசிரியராக உட்கார்ந்தார். கவனிக்க: பிறந்த நாள் முதலே இந்தத் துறை பாரிசிலும் லண்டனிலும் மட்டும் வளரவில்லை, ஊர்க்கோடிகளிலும் வளர்ந்தது. இந்தியாவில் தாகூர் 1907-இல் 'விஸ்வ சாகித்யம்' என்று பேசினார். 1956-இல் கல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் புத்ததேவ போஸ் துறையே தொடங்கிவிட்டார்.

இந்தத் துறைக்கு இன்னொரு சிறப்பு உண்டு. குறித்த காலத்துக்கு ஒருமுறை அது செத்துவிட்டதாக அறிவிக்கப்படும். அறிவிப்பது வெளியாட்கள் அல்லர். அதிலேயே சம்பளம் வாங்குவோர். 1958-இல் ரெனே வெல்லெக் நெருக்கடி என்றார். 1993-இல் சூசன் பாஸ்நெட் அதன் காலம் முடிந்தது என்ற தொனியில் ஒரு அறிமுக நூலே எழுதினார். 2003-இல் காயத்ரி ஸ்பிவாக் தம் புத்தகத்துக்கு 'ஒரு துறையின் மரணம்' என்று தலைப்பே வைத்துவிட்டார். வெளியூர்ப் பிள்ளை இதைக் கேட்டால் அரண்டு போகும். சோமனூர்ப் பிள்ளை அரளாது. விசைத்தறியும் இப்படித்தான். நூல் விலை ஏறினால் தொழில் செத்தது, கூலி ஒப்பந்தம் இழுபறியானால் தொழில் செத்தது, 2022 ஜனவரியில் கூலி உயர்வு கேட்டுக் கோவை, திருப்பூர் மாவட்டத் தறிகள் வாரக்கணக்கில் நின்றபோது அடக்கமே ஆகிவிட்டது என்றார்கள். காடா துணி இன்னும் லாரியில் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. சாவு அறிவிப்புக்கும் சாவுக்கும் உள்ள தூரம் தெரிந்த ஊரில் பிறந்தவருக்கு இந்தப் படிப்பு ஒத்துவரும்.

வினாவியல்

நன்னூலார் வினாவை ஆறாகப் பகுத்தார்: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. பவணந்தி முனிவர் எங்கள் விஜயமங்கலத்துச் சமணக் கோயிலில் இருந்துதான் நன்னூல் எழுதினார் என்று கொங்குக்காரர்கள் உரிமை கொண்டாடுவதுண்டு. உண்மையோ பொய்யோ, கொங்குச் சொந்தபந்தத்தின் நடுவே சில காலம் இருந்தவரால்தான் வினாவை இத்தனை நுட்பமாகப் பகுக்க முடியும். அயல்நாட்டுப் படிப்புக்கு விண்ணப்பம் போட்ட பிள்ளை ஒரு காதுகுத்து, ஒரு கெடாவெட்டு, ஒரு சீர்வீடு ஆகிய மூன்றுக்குப் போய் வந்தால் ஆறு வினாவுக்கும் எடுத்துக்காட்டு தானே சேரும்.

ஐய வினா முதலில். இது காதில் விழும் ஒலியால் பிறப்பது.

"என்ன படிப்புன்னு சொன்னே கண்ணு?"

"கம்பேரட்டிவ் லிட்ரேச்சருங் மாமா."

"கோ-ஆப்பரேட்டிவா? அது இங்கயே இருக்குதே. நம்ம சொசைட்டி செயலாளரு அதுதான படிச்சாரு. அதுக்கு எதுக்குச் சாமி லண்டனு?"

நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் இருக்கும் ஊரில் இந்த ஐயம் எழுவது இயல்பு. விளக்கம் சொல்லப் போனால் காது குத்தி முடிந்து பந்தியும் முடிந்துவிடும். "ஆமாங் மாமா, அது மாதிரிதானுங்" என்று சொல்லி இலையைப் பார்த்து நடப்பதே மரபு. இந்த ஒரு பொய்யால் அந்த மாமா ஊர் முழுக்கப் போய், பையன் வந்ததும் சொசைட்டியில் பெரிய போஸ்ட் என்று சொல்லிவைப்பார். அதுவும் நன்மைக்கே.

அறிவினாவாவது விடை தெரிந்தே கேட்பது. "படிச்சு முடிச்சா மாசம் எத்தன வரும் மாப்ள?" என்று கேட்பவருக்கு வராது என்று தெரியும். தம் மகன் பெங்களூரில் வாங்கும் சம்பளத்தைச் சொல்ல ஒரு முன்வாசல் வேண்டியிருக்கிறது. அந்த வாசல் நீங்கள். கொளல் வினா, வாங்குவதற்குக் கேட்பது. காந்திபுரத்து ஏஜென்ட் "ஐஈஎல்டிஎஸ் எழுதியாச்சுங்களா சார்?" என்றால் உங்கள் மதிப்பெண்ணை அறியும் ஆவலில் அல்ல. தரகர் "ஜாதகம் கைல இருக்குதுங்களா?" என்பதும் இதன்பாற்படும். ஏவல் வினா, கேட்பது போல் கட்டளையிடுவது: "பேசாம ஒரு பி.எட். போட்டு வெச்சுக்கலாமில்ல?" கல்யாணத்தை முடித்துக்கொண்டு போகலாமில்ல என்பது இதிலேயே கடுமையான வகை.

கொடை வினா அரிது. அம்மாவின் அப்பாவான அப்பிச்சி மட்டுமே கேட்பார். "எத்தன ஆகும் கண்ணு?" என்று ஒரே கேள்வி. தொகையைச் சொன்னதும் மறுபேச்சு இல்லாமல் உள்ளே போய், பீரோவில் வேட்டிக்கு அடியிலிருந்து டெபாசிட் ரசீதை எடுத்து வந்து, கண்ணாடி போட்டு முதிர்வுத் தேதியைப் பார்த்து, "ஆவணி வரைக்கும் பொறுத்துக்குவாங்களா அந்த வெள்ளக்காரனுக?" என்பார். இது கொடை வினாவின் உள்ளேயே பிறந்த அறியா வினா.

அறியா வினாவின் தலைமை எடுத்துக்காட்டு அம்மாவின் அம்மாவான அமுச்சி.

"அங்க போயி என்னத்தக் கண்ணு படிப்பே?"

"ரெண்டு நாட்டுக் கதையப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிக்கறது அமுச்சி."

"வெச்சு?"

அவ்வளவுதான் கேட்டார். இந்தத் துறையில் 200 ஆண்டுகளாகக் கேட்கப்பட்ட கேள்விகளில் இதைவிடக் கூர்மையானது இல்லை என்பது நம் துணிபு. வெல்லெக் 1958-இல் சாப்பல் ஹில் நகரத்து அரங்கில் நின்று நெருக்கடி என்று பேசியது, சுற்றி வளைத்துப் பார்த்தால், அமுச்சியின் 'வெச்சு?' என்பதே. பக்கத்தில் வைத்தாயிற்று. அப்புறம்?

விடை எட்டு வகை என்றும் நன்னூலார் சொல்லியிருக்கிறார். ஒப்பிலக்கிய மாணவர் கையாள்வது அதில் ஒன்றே ஒன்று, இனமொழி விடை. வேலை கிடைக்குமா என்றால், நல்ல யுனிவர்சிட்டிங்க என்பது.

ஒப்பியல்

அமுச்சிக்கு விடை சொல்லாமல் மேலே போக முடியாது. தொல்காப்பியர் காமத்தை ஏழாகப் பிரித்து, ஒரு கோடியில் கைக்கிளையையும் மறுகோடியில் பெருந்திணையையும் வைத்து, நடுவே அன்பின் ஐந்திணையை வைத்தார். ஒப்பீட்டுக்கும் அதே பகுப்புப் பொருந்தும்.

கைக்கிளை ஒப்பாவது ஒருதலையாக ஒப்பிடுவது. நாம் அவர்களைப் போல் இருக்கிறோம் என்று நாமே சொல்வோம். அவர்கள் நம்மைப் போல் இருப்பதாக அவர்கள் சொல்ல மாட்டார்கள். கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று எத்தனை முறை கேட்டிருப்போம். மான்செஸ்டரில் ஒருவராவது தம் ஊரை வட இங்கிலாந்தின் கோயம்புத்தூர் என்று சொல்லிக் கேட்டதுண்டா? இத்தனைக்கும் அங்கே பஞ்சாலைகள் ஓய்ந்து நெடுங்காலம் ஆகிறது, ஓடிக்கொண்டிருப்பது இங்கே. கல்கியைத் தமிழ்நாட்டின் வால்டர் ஸ்காட் என்பர். காளிதாசனை இந்தியாவின் ஷேக்ஸ்பியர் என்று வில்லியம் ஜோன்ஸ் பெருமைப்படுத்தினார், நாமும் பெருமைப்பட்டுக்கொண்டோம். ஷேக்ஸ்பியர் இங்கிலாந்தின் காளிதாசன் என்று ஸ்ட்ராட்போர்டில் பலகை இல்லை. பாரதி ஒரு காலத்தில் ஷெல்லிதாசன் என்று பெயர் வைத்துக்கொண்டார். அது இளமைக் காதல், மன்னிக்கலாம்.

தலைகீழ்க் கைக்கிளை என்று ஒரு சிறுவகையும் உண்டு. நம்மவரே எல்லாரையும்விட மேல் என்று மேடையில் ஏறி, மற்றவரைப் படிக்காமலே தீர்ப்புச் சொல்வது. இது செலவில்லாதது, இதற்குக் கடல் கடக்க வேண்டியதில்லை. மைக் செட் போதும்.

பெருந்திணை ஒப்பாவது பொருந்தாததைப் பொருத்துவது. காஷ்மீரத்தில் 11-ஆம் நூற்றாண்டில் கதாசரித்சாகரம் எழுதியவர் சோமதேவர், நம் ஊர் சோமனூர், ஆகவே ஏதோ தொடர்பு இருக்கிறது என்பது இதற்கு எடுத்துக்காட்டு. சிரிக்க வேண்டாம்; இதைவிட மெலிந்த ஆதாரத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். நம் பல்கலைக்கழகங்களில் 'இன்னாரும் இன்னாரும்: ஓர் ஒப்பீடு' என்று வரும் ஆய்வேடுகளை எண்ணும்மை ஆய்வு என்று ஒரு தனி இனமாகவே வைக்கலாம். இரண்டு பெயர், இரண்டு 'உம்', நடுவே முந்நூறு பக்கம். முதல் பாதியில் இவர் இயற்கையைப் பாடினார். மறுபாதியில் அவரும் இயற்கையைப் பாடினார். எண்ணும்மை எல்லாமே தவறு என்பதில்லை. வை. சச்சிதானந்தன் விட்மனையும் பாரதியையும் ஒப்பிட்டார் என்றால், பாரதியே விட்மனைப் படித்து எழுதியவர். அங்கே பாலம் இருக்கிறது.

ஐந்திணை ஒப்பு, இருதலையும் ஒத்தது. இதற்கு ஒரு காட்சி. உதயணன் கதையில் உஞ்சை நகர வேந்தன், யானை என்றால் உயிரை விடும் உதயணனைப் பிடிக்க ஒரு பொய் யானை செய்கிறான். வயிற்றுக்குள் வீரர்கள். உதயணன் யாழோடு அதன் அருகே போகிறான், வயிறு திறக்கிறது, பிடிபடுகிறான். ட்ராய் நகரத்துக்கு வெளியே நின்ற மரக்குதிரை உடனே நினைவுக்கு வருகிறதல்லவா? இங்கேதான் இரண்டு பள்ளிகள் அடித்துக்கொள்கின்றன. பழைய பிரெஞ்சுப் பள்ளி கேட்கும்: எந்தக் கப்பலில் வந்தது, எந்தத் துறைமுகத்தில் இறங்கியது, யார் யாருக்குச் சொன்னார், தேதி என்ன? ரசீது இல்லாமல் அது எதையும் ஏற்காது. அமெரிக்கப் பள்ளி சொல்லும்: வந்ததோ வரவில்லையோ, இரண்டையும் வைத்துப் பார், எது தெரிகிறது? பார்த்தால் ஒன்று தெரிகிறது. குதிரை ஒரு நகரத்தை வீழ்த்தச் செய்யப்பட்டது. யானை ஒரு மனிதனின் ஆசையைப் பிடிக்கச் செய்யப்பட்டது. குதிரைக்குப் பின் ஊர் எரிகிறது. யானைக்குப் பின் சிறைப்பட்டவன் அதே வேந்தனின் மகளுக்கு யாழ் கற்றுக்கொடுத்து அவளோடு தப்பிப் போகிறான். இப்படி ஒன்று மற்றதைக் காட்டிக்கொடுத்தால் அது ஐந்திணை. அமுச்சிக்குச் சொல்ல வேண்டிய விடையும் இதுதான். கதையாகச் சொன்னால் அவர் முழுக்கக் கேட்பார்.

போவாரியல்

போவார் நால்வகையர். இன்ஜினீயரிங் முடித்து, அதிலிருந்து தப்பிக்க எந்தக் கதவு திறந்தாலும் போவார், ஆங்கில இலக்கியம் படித்து, அடுத்து என்ன என்று தெரியாமல் போவார், விசாவுக்காகப் போவார், கையில் ஒரு நூலோடு போவார். மூன்றாம் வகை ஏட்டில் உண்டு, நாட்டில் இல்லை. விசாதான் குறி என்றால் யாராவது ஒப்பிலக்கியத்தைத் தேர்ந்தெடுப்பார்களா? முதலிரு வகையாரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, சிலர் தேறுவர். நான்காம் வகையாரைப் பற்றியே இவ்வியல்.

வ.வே.சு. ஐயர் 1907-இல் லண்டனுக்குப் போனது பாரிஸ்டர் ஆக. 1910-இல் போலீசுக்குத் தப்பிப் புதுச்சேரி வந்து சேர்ந்தார். பின்னால் சிறையில் இருந்தபோது கம்பராமாயணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி, கம்பனை ஹோமர், வர்ஜில், மில்டன் வரிசையில் நிறுத்தினார். சில இடங்களில் அவர்களுக்கு மேலே நிறுத்தவும் தயங்கவில்லை. தலைகீழ்க் கைக்கிளை என்று ஒதுக்க முடியாது, ஏனெனில் அவர் அந்த மற்றவர்களைப் படித்திருந்தார். கோபத்தோடு ஒப்பிட்டார் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

தனிநாயகம் அடிகள் இந்த வரிசையில் ஒரு புறநடை. யாழ்ப்பாணத் தீவகத்துக்காரர். ரோமாபுரியில் இறையியல் படித்து, ஐரோப்பிய மொழிகள் பலவும் கற்று வந்தபிறகே, நெல்லைச் சீமை வடக்கன்குளத்துப் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டு தமிழை முறையாகப் படித்தார். அப்புறம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். சங்கப் பாட்டின் நிலமும் இயற்கையும் கிரேக்க, லத்தீன் கவிதைக்கு எதிரே எப்படி நிற்கின்றன என்று எழுதியது அதன் விளைவு. லண்டனில் அவர் வாங்கிய முனைவர் பட்டமோ கல்வியியலில்.

ஏ.கே. ராமானுஜன் அமெரிக்காவில் படித்தது மொழியியல். 1962-இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு வந்த புதிதில், பழந்தமிழ் இலக்கணம் ஒன்று கிடைக்குமா என்று ஹார்ப்பர் நூலகத்தின் அடித்தளத்துக்கு இறங்கினார். தேடியது வேறு, கையில் தட்டுப்பட்டது உ.வே.சா. பதிப்பித்த குறுந்தொகை. ஐந்தே ஆண்டில், 1967-இல், அந்தப் பாட்டுகளின் ஆங்கில மொழிபெயர்ப்பு புத்தகமாக வந்து, சங்கப் பாட்டு என்று ஒன்று இருப்பது வெளியுலகில் பலருக்குத் தெரிய வந்தது. மைசூரில் வளர்ந்த தமிழ் ஐயங்கார்ப் பிள்ளைக்குக் குறுந்தொகை கிடைத்த இடம் சிகாகோவின் பாதாள அறை. இதைச் சொன்னால் நம் ஊர்ப் பிள்ளைகள் "அப்ப அங்க போயே பாத்துக்கலாமுங்" என்கிறார்கள். ஒருவருக்கு லாட்டரி விழுந்தது, உண்மைதான். அதை வைத்து வீட்டுச் செலவுக்குத் திட்டம் போடக் கூடாது.

நான்காமவர்தான் இந்நூலுக்கு முதன்மை. க. கைலாசபதி 1933-இல் கோலாலம்பூரில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் படித்து, பேராதனையில் பட்டம் பெற்று, கொழும்பில் 'தினகரன்' ஆசிரியராக இருந்து, 1960-களில் பர்மிங்ஹாம் போனார். அங்கே ஜார்ஜ் தாம்சன் இருந்தார். கிரேக்கம் கரைத்துக் குடித்தவர், மார்க்சியர். ஹோமரின் காவியங்கள் எழுதப்பட்டவை அல்ல, பாணர் வாயில் வளர்ந்தவை, அதனால்தான் ஒரே சொற்றொடர் திரும்பத் திரும்ப வருகிறது என்ற கருத்து அப்போது சூடாக இருந்தது. கைலாசபதி அதை எடுத்துப் புறநானூற்றின் மேல் வைத்தார். பாணர், பொருநர், விறலியர், கள், பரிசில், திரும்பத் திரும்ப வரும் அடைமொழிகள் எல்லாம் சேர்ந்து ஒரு வீர யுகத்தின் வாய்மொழிக் கவிதை என்றார். 1968-இல் ஆக்ஸ்போர்டு அச்சகம் அதை நூலாக வெளியிட்டது. மறுத்தவர்கள் பலர், சங்கப் பாட்டு கவனமாக ஆக்கப்பட்டது, பாணர் வாய்ப்பாட்டு அப்படி இராது என்றார்கள். நமக்கும் அகப்பாட்டுகளைப் பொறுத்தவரை மறுத்தவர் பக்கமே சாய்வு. ஆனால் அந்த நூலுக்குப் பிறகு, புறநானூறு எப்படி உருவாயிற்று என்று கேட்காமல் அதைப் படிக்க முடியாமல் போயிற்று. அடுத்த ஆண்டே 'ஒப்பியல் இலக்கியம்' என்று தமிழிலும் ஒரு நூல் தந்தார். பின்னால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தின் முதல் தலைவரும் ஆனார்.

இந்நால்வருள் ஒருவராவது ஒப்பிலக்கிய முதுகலைப் பட்டம் வாங்கினாரா? இல்லை. ஒருவர் சட்டம், ஒருவர் கல்வியியல், ஒருவர் மொழியியல், ஒருவர் கிரேக்க அறிஞரிடம் முனைவர் ஆய்வு. பட்டத்தின் பெயர் எதுவாக இருந்தாலும் நால்வரிடமும், போகும் முன்னோ போன பின்னோ, பொதுவாக இருந்தது, வரி வரியாகத் தெரிந்த ஒரு தமிழ் நூல்தான். அது இல்லாமல் போகிறவர், இரண்டு அயல்நாட்டாரை ஒப்பிட்டு மூன்றாம் அயல்நாட்டாரிடம் மதிப்பெண் வாங்கி வருவார்.

போகாமல் ஒப்பிட்டவர்களும் உண்டு. கொங்கின் பேச்சை நாவலுக்குள் கொண்டுவந்த 'நாகம்மாள்' ஆசிரியர் ஆர். சண்முகசுந்தரம் வங்க நாவல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார், 'பதேர் பாஞ்சாலி' உட்பட. ஆத்துப்பொள்ளாச்சிக்காரர் சிற்பி, எல்லைக்கு அந்தப் பக்கத்து மலையாளத்தையும் தம் மொழியாக்கிக்கொண்டு பாரதியையும் வள்ளத்தோளையும் எதிரெதிரே வைத்தார். பாஸ்போர்ட் செலவே இல்லை.

பொருளியல்

பொருள் இல்லார்க்கு இவ்வுலகம் மட்டுமல்ல, அவ்வுலகமும் இல்லை.

ஜெர்மனியில் பெரும்பாலான மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க்கில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோருக்கு அரையாண்டுக்கு 1,500 யூரோ. கட்டணம் இல்லை என்றதும் துள்ள வேண்டாம். முடக்கக் கணக்கு என்று ஒன்றில் ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோவைக் கட்டிக் காட்டினால்தான் விசா. ரூபாயில் 11 லட்சத்துக்குக் குறையாது. நாலு சாதாத் தறியை எடைக்குப் போட்டாலும் தேறாது. 2022 நவம்பர் முதல் இந்தியர்களுக்குப் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழும் கட்டாயம். அதற்கு மேல் பெரிய தடை ஒன்று: பெர்லினில் பீட்டர் சோண்டி 1965-இல் தொடங்கிய புகழ்பெற்ற ஒப்பிலக்கிய நிறுவனம் போன்ற இடங்களில் பாடம் நடப்பது ஜெர்மனில். பீளமேட்டில் மூன்று மாத வகுப்புப் போய்விட்டு ஹெகலைப் படிக்க முடியாது.

பிரிட்டனில் முதுகலை ஓராண்டுதான்; கட்டணம் மட்டும் 20,000 பவுண்டைத் தாண்டிவிடும். 2024 ஜனவரி முதல் வகுப்புவழி முதுகலை மாணவர்கள் குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியாது என்றாகிவிட்டது. கல்யாணத்தை முடித்துக்கொண்டு போகலாமில்ல என்னும் ஏவல் வினாவுக்குப் பிரிட்டிஷ் அரசே விடை எழுதிக் கொடுத்தது போலாயிற்று. அமெரிக்காவில் பணம் தருவது பெரும்பாலும் முனைவர் படிப்புக்கே.

உதவித்தொகையில் ஒரு வேடிக்கை. பட்டியலினத்தார் உள்ளிட்டோருக்கு மத்திய அரசு தரும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையின் விதிகளில், 2022-இல் ஒரு வரி சேர்ந்தது: இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய படிப்புக்கு இந்தப் பணம் கிடையாது. இதையெல்லாம் படிக்க வெளிநாடு எதற்கு என்பது காரணம். ஹோமரை மட்டும் படிக்கப் போகலாம், ஹோமருக்குப் பக்கத்தில் புறநானூற்றை வைக்கப் போகக் கூடாது. அமுச்சி 'வெச்சு?' என்றாவது கேட்டார். இவர்கள் வைக்கவே கூடாது என்றுவிட்டார்கள். விஜயமங்கலத்தை ஒரு முறை பார்த்திருந்தால் இந்த வரியை எழுதியிருக்க மாட்டார்கள்.

புறனடை

ஏன் விஜயமங்கலம்? பெருங்கதை எழுதிய கொங்குவேளிரின் ஊர் அதுவே என்பர். பெருங்கதை சொல்லும் உதயணன் கதையைக் குணாட்டியர் பைசாச மொழியில் எழுதினார். அந்த மூலம் தொலைந்து போயிற்று. கங்க மன்னன் துர்விநீதன் அதை வடமொழியில் ஆக்கினான் என்று செப்பேடு சொல்கிறது, அதுவும் கிடைக்கவில்லை. அதைப் பார்த்தே கொங்குவேளிர் பாடினார் என்பது ஒரு சாரார் கருத்து. காஷ்மீரத்தில் அதே கதையைச் சேமேந்திரரும் சோமதேவரும் தனித்தனியாக வடமொழியில் சுருக்கினார்கள். நேபாளத்தில் புதசுவாமியின் இன்னொரு வடிவம் கிடைத்தது. அதைப் பதிப்பித்த பெலிக்ஸ் லக்கோத்து 1908-இல் குணாட்டியர் பற்றிப் பிரெஞ்சில் பெரிய நூல் எழுதினார். சமணர்கள் பிராகிருதத்தில் வைத்திருந்த வசுதேவஹிண்டியும் இந்தக் குடும்பம்தான் என்று 1930-களில் காட்டியவர் ஜெர்மானியர் அல்ஸ்டோர்ப். தமிழ்ப் பெருங்கதையை உ.வே.சா. 1924-இல் பதிப்பித்தார். உஞ்சை, இலாவாணம், மகதம், வத்தவம், நரவாணம் என்று ஐந்து காண்டம் கிடைத்தது. தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. பொய் யானை வரும் பகுதியே தொலைந்த தொடக்கத்தில்தான் இருந்திருக்க வேண்டும்.

ஆக, காஷ்மீரம், நேபாளம், கொங்கு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தொலைந்த மூலத்தின் சாயலாவது தெரியும். வைப்பதற்குத் தமிழோடு வடமொழியும் பிராகிருதமும் வேண்டும். முன்னவர் எழுதியதைப் படிக்கப் பிரெஞ்சும் ஜெர்மனும் வேண்டும். ஒப்பிலக்கியம் படிக்கக் கடல் கடக்க இதைவிட நியாயமான காரணத்தை நாம் கண்டதில்லை. ஆய்வுகள் வந்திருக்கின்றன. ஆனால் கொங்குப் பேச்சு காதில் இருக்கிற ஒருவர் பெருங்கதையின் ஓசையோடு மற்ற வடிவங்களைப் படிக்கும் வேலை பாக்கி இருக்கிறது.

சோமனூரும் விஜயமங்கலமும் ஒரே ரயில் பாதையில் இருக்கின்றன. நடுவில் திருப்பூரும் ஊத்துக்குளியும். விண்ணப்பம் போடும் முன் ஒருநாள் பாசஞ்சரில் போய்ச் சமணக் கோயிலைப் பார்த்துவிட்டு வாருங்கள். பெருங்கதையின் ஐந்து காண்டத்தையும் உரையோடு ஒருமுறை முடியுங்கள். ஜெர்மனோ பிரெஞ்சோ ஏதாவது ஒன்றை இன்றைக்கே தொடங்குங்கள், அதற்குத்தான் நாள் பிடிக்கும். அப்பிச்சியின் டெபாசிட் ஆவணியில் முதிர்கிறது; ஏ.பி.எஸ். விண்ணப்பத்தை அதற்கு முன்பே போட்டுவைக்கவும்.